முதல்ல தீப்பெட்டியைக் கீழே வைங்க: வில்லியனூர், பாகூர் பக்கத்து வீடுகளுக்கு ஒரு குப்பை இழை

ஜீரோ வேஸ்ட் பற்றி எழுதச் சொல்லி நிறைய பேர் கேட்டிருந்தீங்க. எழுதறேன். ஆனா மூங்கில் டூத் பிரஷ், கண்ணாடி ஜாடி, ஸ்டீல் ஸ்ட்ரா பற்றி இதுல ஒண்ணும் இருக்காது. அதெல்லாம் தப்புன்னு சொல்லல, வாங்க முடிஞ்சவங்க வாங்கட்டும். வில்லியனூர், பாகூர் கொம்யூன் கிராமங்கள்ல இருந்து என்கிட்ட வர்ற நோயாளிகளுக்கு அதனால பெரிய பிரயோஜனம் இல்ல, அவ்வளவுதான்.

இழை நீளம். பொறுமையா படிங்க.

என் கட்சி இதுதான். கிராமத்துல குப்பையைக் குறைக்க நினைக்கிறவங்க, நம்ம குப்பையில எது மனுஷன் உடம்பை முதல்ல கெடுக்குதுன்னு பார்த்து அந்த வரிசையில ஆரம்பிக்கணும். அப்படிப் பார்த்தா முதல் இடம் கேரி பேக்குக்குக் கிடையாது. தீப்பெட்டிக்கு.

காலையில ஆறு, ஆறரை மணிக்கு எந்தக் கிராமத்துக்கு வேணா போய்ப் பாருங்க. வாசல் பெருக்கி, தண்ணி தெளிச்சு, கோலம் போட்டாச்சு. பெருக்கின குப்பை தெரு ஓரமா ஒரு குவியல். வேப்ப இலை, முருங்கைச் சருகு, அதுக்குள்ள பால் கவர், ஷாம்பு பாக்கெட், சிப்ஸ் கவர், மாத்திரை அட்டை. ஒரு தீக்குச்சி. பத்து நிமிஷத்துல தெரு சுத்தமாயிடுது. புகை எங்க போச்சு? கொளுத்தினவங்க மூக்குக்குள்ள.

கொளுத்தறது யாருன்னும் கவனிங்க. முக்கால்வாசி வீட்டுல அம்மாவோ ஆயாவோதான். நாற்பது வருஷம் விறகு அடுப்புல ஊதிப் பழகின நுரையீரல். இருமலோட வர்ற ஆயாகிட்ட "பீடி, சுருட்டு ஏதாவது உண்டா ஆயா?"ன்னு கேட்டா, "அய்யய்யோ, நான் எங்க டாக்டரம்மா பீடி குடிக்கிறேன்"னு சிரிப்பாங்க. ஊதிப் பார்க்கிற பரிசோதனை பண்ணினா, நுரையீரல் பல வருஷம் பீடி குடிச்சவர் நுரையீரல் மாதிரி இருக்கும். விறகுப் புகையோட குப்பைப் புகையும் சேர்ந்த கணக்கு அது.

மூச்சு இழுப்போட வர்ற குழந்தைங்க அம்மாகிட்ட நான் தவறாம ஒரு கேள்வி கேட்பேன். "வீட்டுக் குப்பையை என்னம்மா பண்றீங்க?" டாக்டர் எதுக்கு இதைக் கேட்கறாங்கன்னு முழிப்பாங்க. இன்ஹேலர் எழுதித் தர்றது என் வேலை. ஆனா தினமும் காலையில அதே குழந்தையோட ஜன்னலுக்குக் கீழே பிளாஸ்டிக் எரிஞ்சா, இன்ஹேலர் பாவம் எவ்வளவுதான் தாங்கும்?

கொஞ்சம் அறிவியல் பேசிடுவோம். குப்பையை எரிக்கறதுக்குன்னே கட்டின உலையில 850 டிகிரிக்கு மேல சூடு வேணும், அந்தச் சூட்டுல புகை ரெண்டு நொடியாவது நிக்கணும், வெளிய வர்ற புகையை வடிகட்டணும். தெருக் குவியல் அந்தச் சூட்டுக்குப் பக்கத்துல கூடப் போகாது. பாதி எரியும், பாதி புகையும். பி.வி.சி. பைப் துண்டு, ஒயர், ரெக்சின் மாதிரி குளோரின் உள்ள பொருள் அதுல இருந்தா டயாக்சின் உண்டாகும். அந்தக் குடும்பத்துலயே மோசமான டி.சி.டி.டி.யை, மனுஷனுக்குப் புற்றுநோய் தரும்னு உறுதியான பொருட்கள் பட்டியல்ல உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 1997-லயே சேர்த்தாச்சு.

டயாக்சின் காத்தோட போயிடறது இல்ல. சாம்பல்ல, மண்ணுல, புல்லுல தங்கும். மாடு மேயும், கோழி கொத்தும். அது கொழுப்புல சேர்ற பொருள்ங்கறதால பாலுக்கும் முட்டைக்கும் வரும். நாட்டுக்கோழி முட்டை உடம்புக்கு நல்லதுன்னு அதிகக் காசு கொடுத்து வாங்கிப் பிள்ளைக்குக் கொடுக்கறோம். அந்தக் கோழி நேத்து எரிச்ச பிளாஸ்டிக் சாம்பலைக் கிளறிட்டு வந்த கோழின்னா?

சட்டமும் இருக்கு. திடக்கழிவு மேலாண்மை விதிகள் 2016 தெருவுல குப்பை எரிக்கக் கூடாதுன்னு சொல்லிச்சு. அதே வருஷம் டிசம்பர்ல தேசிய பசுமைத் தீர்ப்பாயம், திறந்தவெளியில எரிச்சா 5,000 ரூபாய் அபராதம்னு உத்தரவு போட்டுச்சு. ஆயாகிட்ட 5,000 ரூபாய் வாங்கணும்ங்கறது என் ஆசை இல்ல. அவங்க எரிக்கறதுக்குக் காரணம் திமிர் இல்ல. வண்டி வரல. அவ்வளவுதான் காரணம்.

வண்டி வரலைன்னா யார்கிட்ட கேட்கறது? இங்கதான் நம்ம ஊர் கதை தனிக் கதை. புதுச்சேரியில உள்ளாட்சித் தேர்தல் 1968-ல் நடந்துச்சு. அடுத்தது 2006-ல். அந்தப் பதவிக்காலம் 2011-ல் முடிஞ்சது. அதுக்கப்புறம் வார்டு மெம்பரே இல்லாம வருஷக்கணக்கா அதிகாரிகளை வெச்சே கொம்யூன் பஞ்சாயத்து ஓடுது. எல்லையைத் தாண்டி கடலூர் பக்கம் போனா, 2025 ஜனவரி வரைக்கும் குப்பை நாறுதுன்னு வீட்டு வாசல்ல போய்த் திட்டறதுக்காவது ஒரு ஊராட்சித் தலைவர் இருந்தார். நமக்கு அந்தக் கொடுப்பினையும் இல்ல. அதனால "பழக்கத்தை மாத்துங்க"ன்னு மக்கள்கிட்ட மட்டும் சொல்லிட்டுப் போறது நியாயம் இல்லன்னு எனக்கும் தெரியும். அதுக்குக் கடைசியில வர்றேன்.

வண்டி வர்ற வரைக்கும் என்ன பண்றது? யோசிச்சுப் பாருங்க, நாம ஏன் எரிக்கறோம்? குப்பை நாறுது, ஈ மொய்க்குது, நாய் இழுத்துப் போடுது. பால் கவர் நாறாது. ஷாம்பு பாக்கெட் நாறாது. நாறறது சோறு, குழம்பு, காய்த்தோல், மீன் செதில். இது ரெண்டையும் ஒரே வாளியில போடறதாலதான் எல்லாமே நாறுது, எல்லாத்தையும் அன்னிக்கே ஒழிக்க வேண்டியிருக்கு. ஈரக் குப்பையைத் தனியா எடுத்துட்டீங்கன்னா மிச்சக் குப்பை ஒரு அரிசிச் சாக்குல ஒரு மாசம் ஆனாலும் சும்மா மூலையில நிக்கும். வண்டி வாரம் ஒரு தடவை வந்தாலும் சரி, மாசம் ஒரு தடவை வந்தாலும் சரி. தீப்பெட்டி தேவைப்படாது.

இந்த இழையில ஒண்ணு மட்டும்தான் ஞாபகம் வெச்சுக்குவேன்னு சொல்றவங்க, இதை வெச்சுக்கிட்டு இத்தோட படிக்கறதை நிறுத்திக்கலாம்.

ஈரக் குப்பைக்கு எங்க போறதுன்னு நகரத்துக்காரங்க கேட்கலாம், நாம கேட்கலாமா? ஆடு மாடு இருக்கற வீட்டுல கழனித் தண்ணித் தொட்டி இருக்கு. இல்லாத வீட்டுல ரெண்டடிக்கு ரெண்டடி ஒரு குழி. அன்னன்னைக்குக் காய்த்தோலைக் கொட்டி மேல சருகோ மண்ணோ ஒரு கை தூவினா நாத்தம் வராது. பெருக்கின இலையும் அதுக்கே போகட்டும், அதையும் எரிக்க வேண்டாம். குடிதண்ணி பைப்புக்கும் கிணத்துக்கும் பக்கத்துல தோண்டாதீங்க. ஐப்பசி, கார்த்திகை மழையில குழி ரொம்பிடும். அப்போ அடியில ஓட்டை போட்ட பழைய டிரம், உடைஞ்ச தொட்டி எதையாவது மேட்டுல வெச்சுக்கோங்க. தென்னை மட்டையை மட்டும் அது மேல மலை மாதிரி குவிக்காதீங்க. எலி வரும், எலிக்குப் பின்னாடி பாம்பு வரும். அந்தக் கடிக்கும் என்கிட்டதான் வருவீங்க.

சொல்லப்போனா "குப்பை"ங்கற வார்த்தைக்கே நம்ம விவசாயிங்க கிட்ட வேற அர்த்தம். வண்டியில குப்பை அடிச்சேன்னா எரு அடிச்சேன்னு அர்த்தம். நெல்லுக்குப் பேர்போன பாகூர்ல அது காசு கொடுத்து வாங்கற பொருள். அதுக்குள்ள பிளாஸ்டிக் வந்த பிறகுதான் எருக்குழி குப்பைத்தொட்டி ஆச்சு. (அந்தக் காலமே பொற்காலம்னு நான் சொல்ல வரல. அதே காலத்துல வெறுங்காலோட வயல்வெளிக்குப் போய்க் கொக்கிப்புழு வாங்கிட்டு வந்து ரத்தச்சோகையில கிடந்தோம்.)

சாப்பாட்டு மிச்சத்தைக் கவர்ல போட்டு முடிச்சுப் போட்டு வீசற பழக்கம் ஒண்ணு இருக்கு. மாட்டுக்கு முடிச்சு அவிழ்க்கத் தெரியாது. கவரோட முழுங்கிடும். கால்நடை மருத்துவர்கள் மாட்டு வயித்துல இருந்து கிலோ கணக்குல பிளாஸ்டிக் எடுக்கறது இதனாலதான்.

அடுத்து என் வரிசையில ரெண்டாவது. இதை ஜீரோ வேஸ்ட் பேசறவங்க யாரும் சொல்லி நான் கேட்டதில்ல. இன்சுலின் ஊசி.

2023-ல் லான்செட் இதழ்ல வந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வுல, சர்க்கரை நோயாளிகள் விகிதத்துல நாட்டுலயே முதல் இடம் கோவா, 26.4 சதவீதம். ரெண்டாவது நம்ம புதுச்சேரி, 26.3 சதவீதம். பெரியவங்கள்ல நாலு பேருக்கு ஒருத்தர். இதுல இன்சுலின் போடறவங்க எத்தனை வீட்டுல இருப்பாங்க, ஒரு நாளைக்கு எத்தனை ஊசி, விரல்ல குத்தி சர்க்கரை பார்க்கற ஊசி எத்தனைன்னு நீங்களே கணக்குப் போடுங்க. அதெல்லாம் எங்க போகுது? கவர்ல சுத்தி குப்பையில. அந்தக் கவரைக் கையால பிரிக்கறது துப்புரவுத் தொழிலாளி. பெரும்பாலும் கையுறை இல்லாம.

ஹெபடைடிஸ் பி உள்ளவரோட ரத்தம் பட்ட ஊசி, தடுப்பூசி போடாத ஒருத்தருக்குக் குத்தினா, அப்படிக் குத்துப்பட்ட 100 பேர்ல 6-ல இருந்து 30 பேர் வரைக்கும் தொத்தலாம். எச்.ஐ.வி.ன்னா 1,000-ல் 3. இது மருத்துவமனையில நடக்கற ஊசிக்குத்துக் கணக்கு. இன்சுலின் ஊசி சன்னமானது, ஆபத்து இன்னும் குறைவாத்தான் இருக்கும். ஆனா குத்துப்பட்டவருக்கு அது யார் ஊசின்னு எப்படித் தெரியும்? ரத்தப் பரிசோதனை, 28 நாள் மாத்திரை, திரும்பவும் பரிசோதனை. அத்தனை மாசமும் வீட்டுல சொல்லவும் முடியாம மெல்லவும் முடியாம ஒரு மனுஷன் தவிக்கணும். நம்ம வீட்டு ஊசிக்காக.

செய்ய வேண்டியது சுலபம். தரை துடைக்கிற லிக்விட், பினாயில் வாங்கின கெட்டி பிளாஸ்டிக் பாட்டில் காலியானதும் தூக்கிப் போடாதீங்க. மேல "ஊசி"ன்னு பெருசா எழுதுங்க. போட்ட ஊசியை உடனே அதுக்குள்ள போட்டுத் திருகி மூடுங்க. தண்ணி பாட்டில் வேண்டாம், மெல்லிசு, ஊசி துளைச்சிடும். பிள்ளைங்க கைக்கு எட்டாத இடத்துல வைங்க. முக்கால் பாட்டில் ரொம்பினதும் டேப் ஒட்டி, இன்சுலின் வாங்கப் போற ஆஸ்பத்திரியிலயே கேட்டுக் கொடுங்க. ஆஸ்பத்திரி ஊசிகளைப் பிரிச்சு அழிக்கற ஏற்பாடு அவங்ககிட்ட இருக்கும். வாங்க மாட்டோம்னு சொன்னா கொஞ்சம் மல்லுக்கட்டுங்க, தப்பில்ல. வீட்டு ஊசியும் காலாவதி மாத்திரையும் வீட்டு அபாயக் கழிவுன்னு 2016 விதிகளே சொல்லிச்சு.

மாத்திரைன்னு சொன்னதும் ஒண்ணு. மிச்சம் வெச்ச ஆன்டிபயாட்டிக்கைப் பக்கத்து வீட்டுக்குத் தானம் பண்ணாதீங்க, கால்வாய்லயும் கொட்டாதீங்க. கேரளாவுல பயன்படுத்தாத மருந்தை வீட்டுல இருந்து திரும்ப வாங்கற திட்டத்தை 2025-ல் கோழிக்கோட்டுல ஆரம்பிச்சாங்க. நம்ம ஊருக்கும் அது வரணும்.

மூணாவது, பூச்சி மருந்து டப்பா. பாகூர், நெட்டப்பாக்கம் பக்கம் விவசாயம் பண்றவங்களுக்கு இது. காலி டப்பாவைக் கழுவி மண்ணெண்ணெய் ஊத்தி வைக்கறது, கழனியில தண்ணி மொண்டு குடிக்கறது ரெண்டும் வேண்டாம் அண்ணே. எத்தனை தடவை கழுவினாலும் அது பாத்திரம் ஆகாது. மருந்து தீர்ந்ததும் மூணு தடவை தண்ணி ஊத்திக் குலுக்கி, அந்தத் தண்ணியை ஸ்ப்ரேயர் டேங்க்லயே ஊத்திடுங்க. அப்புறம் டப்பாவைக் குத்திக் கிழிச்சிடுங்க. வாய்க்கால்ல வீசாதீங்க. பாதி மருந்தைக் கூல்டிரிங்ஸ் பாட்டில்ல ஊத்தி வீட்டுப் பரண்ல வைக்கறது இருக்கே, அது எல்லாத்தையும் விடப் பெரிய தப்பு. பிள்ளைக்கு அது கலர் தண்ணி. குடிச்சிட்டாங்கன்னா உப்புத் தண்ணி கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீங்க. அந்த டப்பாவையும் எடுத்துக்கிட்டு 108-ல் வாங்க. லேபிள் இருந்தா எங்களுக்குப் பாதி வேலை முடிஞ்சது.

நாலாவது கொஞ்சம் சங்கடமானது. பாட்டில் சில்லு. சாராயக்கடை, பிராந்திக்கடைக்குப் பக்கத்து வரப்புகள்ல சாயந்திரம் யார் உட்கார்றாங்க, எதை விட்டுட்டுப் போறாங்கன்னு நான் சொல்ல வேண்டியதில்ல. அடுத்த மாசம் அதே சேத்துல வெறுங்காலோட இறங்கி நடவு நடறது பொம்பளைங்க. அதுல பாதிப் பேருக்கு நாப்பது வயசுக்கு மேல. கொஞ்சப் பேருக்குச் சர்க்கரை, சிலருக்குக் கால்ல உணர்ச்சி கிடையாது. சில்லு ஏறினது ரெண்டு நாள் கழிச்சு, வீங்கி நாத்தம் வந்த பிறகுதான் தெரியும். அது விரலோட போகலாம், காலோட போகலாம். குடிக்காதீங்கன்னு நான் வேற இழையில சொல்றேன். இங்க சொல்றது, பாட்டிலை உடைக்காம எடுத்துட்டுப் போங்க. தமிழ்நாட்டுல நீலகிரியில 2022-ல் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலா வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தா அந்தப் பத்து ரூபாயைக் கொடுக்கற முறை கொண்டுவந்தாங்க. பாட்டில் திரும்பி வந்துச்சு. பத்து ரூபாய்க்கு இருக்கற மரியாதை அறிவுரைக்கு இல்ல. கலால் வருமானத்துல ஓடற நம்ம அரசுக்கு இதைப் பண்றது பெரிய விஷயமா?

அதே இடத்துல கிடக்கற பிளாஸ்டிக் டம்ளர், வீட்டுக்குப் பின்னாடி கிடக்கற கொட்டாங்குச்சி, டயர். இதுல நிக்கற ஒரு கை தண்ணி டெங்கு கொசுவுக்குப் போதும். முட்டை காய்ஞ்சாலும் மாசக்கணக்குல உயிரோட இருக்கும். மழை பெய்ஞ்சு தண்ணி பட்டா எட்டு, பத்து நாள்ல கொசு. கொசு ஆராய்ச்சிக்குன்னே 1975-ல் இருந்து ஒரு தேசிய ஆராய்ச்சி மையம் இருக்கற ஊர் நம்ம புதுச்சேரி. 1981-ல் இருந்து 85 வரைக்கும் யானைக்கால் நோய்க்கு எதிரா அவங்க இங்க நடத்தின திட்டத்துல, கொசு பிறக்கற இடத்தையே ஒழிக்கறது முக்கியமான வேலையா இருந்துச்சு. ஞாயித்துக்கிழமை பத்து நிமிஷம் கொல்லையைச் சுத்தி வந்து எல்லாத்தையும் கவுத்துப் போடுங்க.

இவ்வளவுக்கும் அப்புறம்தான் நீங்க எதிர்பார்த்த கேரி பேக்கும் டீ கப்பும்.

தமிழ்நாட்டுல 2019 ஜனவரி 1-ல் இருந்து, நாடு முழுக்க 2022 ஜூலை 1-ல் இருந்து ஒருமுறை பயன்படுத்தற பிளாஸ்டிக் பல வகைக்குத் தடை. கடையில கிடைக்குதான்னு கேட்டா சிரிப்புதான் வருது. சூடான சாம்பாரைக் கவர்ல வாங்கினா கேன்சர் வருமா டாக்டரம்மான்னு கேட்கறாங்க. இன்னிக்கு வாங்கினதால நாளைக்கு வரும்னு நான் பயமுறுத்த மாட்டேன். சூடு, எண்ணெய், புளிப்பு மூணும் சேர்ந்தா பிளாஸ்டிக்ல இருந்து ரசாயனம் சாப்பாட்டுக்கு இறங்கறது அதிகமாகும். அது உறுதி. பேப்பர் கப்பும் வெறும் பேப்பர் இல்ல, உள்ளே மெல்லிசா பிளாஸ்டிக் பூச்சு. 100 மில்லி சூடான தண்ணியைக் கால் மணி நேரம் அதுல வெச்சா சுமார் 25,000 பிளாஸ்டிக் துகள் கலக்குதுன்னு காரக்பூர் ஐ.ஐ.டி.காரங்க கணக்கெடுத்தாங்க. டீக்கடையில கண்ணாடி கிளாஸைக் கேளுங்க. பார்சலுக்கு வீட்டுல தூக்கு இருக்கு. எடுத்துட்டுப் போக வெட்கமா இருந்தா, நம்ம அப்பா அம்மா சைக்கிள் ஹேண்டில்ல மாட்டிட்டுப் போனது அதைத்தான்னு நினைச்சுக்கோங்க.

பாண்லே பால் கவரை வெட்டும்போது மூலையைத் துண்டா வெட்டி எடுத்துடாதீங்க, கவரோட ஒட்டியிருக்கற மாதிரி விடுங்க. அந்தக் குட்டித் துண்டைத்தான் யாராலயும் பொறுக்க முடியாது. கவரைக் கழுவிக் காயவெச்சுச் சேர்த்தா காயலான் கடையில எடுத்துக்குவாங்க.

நாப்கின் பற்றி ஒரு வார்த்தை. ராத்திரி யாரும் பார்க்காத நேரத்துல எரிக்கறதுக்குக் காரணம் வெட்கம். துணி நாப்கின் நல்லதுதான். பக்கத்துல ஆரோவில்ல ஈகோ ஃபெம் 2010-ல் இருந்து அதைச் செய்யறாங்க. பழைய பருத்தித் துணியில வீட்டுலயே தைச்சுக்கலாம். ஆனா சோப்புப் போட்டுத் துவைச்சு வெயில்ல காயணும். கட்டிலுக்கு அடியில மறைச்சுக் காயவெச்சா அரிப்பும் தொத்தும்தான் வரும். வெயில்ல காயப்போட வீட்டு ஆம்பளைங்க தடையா இருந்தா, அந்த ஆம்பளைங்களை என்கிட்ட அனுப்புங்க.

இப்போ அரசாங்கத்துக்கு. மூணே மூணு. ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்துலயும் துணை மையத்துலயும் வீட்டு ஊசி போட ஒரு பூட்டின பெட்டி. ஒவ்வொரு தெருவுக்கும் உலர் குப்பை எடுக்க வாரத்துல ஒரு குறிப்பிட்ட நாள், அந்த நாள் தப்பவே கூடாது. துப்புரவுத் தொழிலாளர் எல்லாருக்கும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூணு டோஸ், டெட்டனஸ் ஊசி, கிழியாத கையுறை. இதுக்குப் புது ஆலை வேண்டாம், வெளிநாட்டு டெக்னாலஜி வேண்டாம். உள்ளாட்சித் தேர்தலும் வெச்சீங்கன்னா கேட்க ஒரு ஆள் கிடைப்பார்.

"தெருவே எரிக்குது, நான் ஒருத்தி நிறுத்தி என்ன ஆகப்போகுது?" இதைக் கேட்காத நாள் இல்ல. புகை பக்கத்துல இருக்கறவங்களைத்தான் முதல்ல அடிக்கும். உங்க குவியலுக்கு ரொம்பப் பக்கத்துல இருக்கற மூக்கு உங்களோடதும் உங்க பிள்ளையோடதும்தான். மூச்சு இழுப்பு இருக்கற குழந்தை வீட்டுல இருந்தா ஒண்ணு செஞ்சு பாருங்க. எழுதிக் கொடுத்த மருந்தை நிறுத்தாம, ஒரு மாசம் உங்க வாசல்லயும் கொல்லையிலயும் எதையும் கொளுத்தாதீங்க. அந்த மாசத்துல திடீர்னு இழுப்பு வந்து நீல இன்ஹேலர் எத்தனை தடவை அடிச்சீங்கன்னு காலண்டர்ல கோடு போட்டுட்டே வாங்க. அதுக்கு முந்தின மாசக் கணக்கும் ஞாபகம் இருந்தா பக்கத்துலயே எழுதுங்க. அடுத்த தடவை வரும்போது அந்தக் காலண்டர் தாளைக் கிழிச்சுக் கையோட கொண்டு வாங்க, சேர்ந்து பார்ப்போம்.